மேடம் எஷுனின் கை

"எந்தக் கை?" என்று மன்சா கேட்டாள்.

"வலது கைதான்மா."

மன்சா மீன் தட்டைக் கீழே வைத்தாள். மகள் எகுவா கழுத்தில் அளவு நாடாவோடு நின்றாள். கடையிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்து வீட்டுக்கும் ஓடி வந்தவள் அதைக் கழற்ற மறந்திருந்தாள். காலையிலிருந்து தூறல். விறகு ஈரம். நான்கு புகையடுப்பில் ஒன்றுதான் எரிந்தது, அதிலும் மீனைவிடப் புகைதான் அதிகம்.

"மேடம் எப்படி விழுந்தாங்க?"

"விழல. துணி வெட்டிக்கிட்டிருந்தாங்க. கத்திரிக்கோல் நழுவிக் கீழ விழுந்துச்சு. குனிஞ்சாங்க, ஆனா கை அதை எடுக்கல. என்னைப் பார்த்து ஏதோ சொன்னாங்க. அப்பத்தான் பார்த்தேன், வாய் ஒரு பக்கமா போயிருந்துச்சு."

"பேச்சு?"

"வருது. எனக்குத்தான் புரியுது. ஆஸ்பத்திரியில நர்சுக்குக்கூட நான்தான் சொன்னேன்."

"கை திரும்ப வரும்னாங்களா?"

"பார்க்கலாம்னாங்க."

"பார்க்கலாம்னா?"

"பார்க்கலாம்னுதான்மா."

மன்சா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒரு விறகை வெளியே இழுத்தாள், மறுபடி உள்ளே தள்ளினாள்.

எகுவா மேடம் எஷுனிடம் தையல் கற்கச் சேர்ந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சேரும்போது கட்ட வேண்டிய பணத்துக்கு மன்சா தன் கல்யாணத் துணிகளை விற்றாள். தொழில் படிந்து முடியும்போது கட்ட வேண்டியதுதான் நின்றுபோயிருந்தது. ஒரு ஆடு, ஒரு பெட்டி கலர் சோடா, பச்சைப் பாட்டில் ஜின், கைப்பணம். அதைக் கட்டினால் மேடம் பெண்ணை விடுதலை செய்வாள். வலது கையால் கத்திரிக்கோலை எடுத்து அவள் கையில் வைப்பாள். அதே கையால் தலையில் வெள்ளைப் பவுடர் கொட்டுவாள். பெண் அந்தப் பவுடரோடு தெருவில் நடந்து வீட்டுக்கு வருவாள். அதற்குப் பிறகு தைத்ததற்குக் கூலி வாங்கலாம், கடை போடலாம். அதற்கு முன்னால் வாங்கினால் தையல்காரர் சங்கம் வந்து கடையைப் பூட்டும். சங்கம் விட்டாலும் கை விளங்காது என்பார்கள்.

இரண்டு வருடமாக ஊரில், அபாம் கரையில் மீன் இல்லை. எகுவாவின் அப்பா வள்ளத்தோடு எல்லை தாண்டி அபிஜான் பக்கம் போயிருந்தான். போனில் எல்லாம் பேசுவான், பணத்தைப் பற்றி மட்டும் பேசமாட்டான். அடுத்த சாளை வரட்டும், கட்டிவிடலாம் என்று மன்சா சொல்லிக்கொண்டே வந்தாள். மேடமும் அவசரப்படவில்லை. கடையில் எகுவாவின் கைதான் இப்போது வேகமானது. கூலி கொடுக்க வேண்டியதில்லாத கை.

"அம்மா, கொன்சிமா மாதிரி ஆயிடுவேனா?"

"வாயை மூடு."

கொன்சிமா முடி பின்னக் கற்றவள். அவளுடைய மேடம் மங்கெசிம் சாலையில் லாரி கவிழ்ந்து செத்துப்போனாள். விடுதலை ஆகவில்லை. மேடத்தின் குடும்பத்தார், எங்களுக்கு முடியைப் பற்றி என்ன தெரியும், நாங்கள் எதை விடுவது என்றார்கள். கொன்சிமா வேறொரு மேடத்திடம் போனாள். அங்கே கடை கூட்டுவதிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்கள். இப்போது லாரி நிலையத்தில் தலையில் பேசினோடு தண்ணீர் விற்கிறாள். செத்தவள் கை இன்னும் அவள் தலைமேல்தான் இருக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். அவள் எதிரிலேயே சொல்வார்கள்.

மேடத்தை இரண்டாம் நாளே ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று மன்சாவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. அன்று மன்சா தாவியாவின் வீட்டுக்குப் போனாள். தாவியாவுக்கு இரண்டு வள்ளம் இருந்தது. அதில் போகிறவர்களில் பாதிப் பேர் அவளுக்குக் கடன்பட்டவர்கள். முற்றத்தில் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து புளித்த மாவில் அவித்த கெங்கி உருண்டையின் சோளத்தோலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பொரித்த மீனும் அரைத்த மிளகாயும்.

"வா மன்சா. கை கழுவு."

"சாப்பிட்டுத்தான் வந்தேன் அக்கா."

"சாப்பிட்டவ முகமா இது? கழுவுடி."

மன்சா கை கழுவினாள். ஒரு துண்டு பிட்டு மிளகாயில் தொட்டாள். விரலிலேயே வைத்திருந்தாள்.

"எவ்வளவு வேணும்?" என்றாள் தாவியா.

"நான் இன்னும் கேட்கவே இல்லயே அக்கா."

"செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்கு வர்றவங்க எதுக்கு வருவாங்க? என் அழகைப் பார்க்கவா?"

"எகுவாவோட விடுதலைக்கு."

தாவியா மீன் முள்ளை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"மேடம் படுத்திருக்கா."

"அதனாலதான் அக்கா."

"போயிடுவாளோன்னு ஓடி வந்திருக்க."

"நான் அப்படிச் சொல்லல."

"நீ சொல்லல. உன் கால் சொல்லுது, செருப்பு ரெண்டும் வேற வேற."

மன்சா குனிந்து பார்த்தாள். உண்மைதான். ஒன்று எகுவாவுடையது. தாவியா சிரித்தாள். மன்சாவும் சிரிக்கப் பார்த்தாள்.

"தர்றேன்," என்றாள் தாவியா. "விடிகாலையில தண்ணியில கால் வச்சுப் பார்த்தேன். சில்லுனு இருக்கு. சாளை கிட்ட வந்துடுச்சு. உன் அடுப்பு நாலும் எனக்கு. என் ரெண்டு வள்ளத்து மீனையும் நீ புகை போட்டுத் தரணும். விறகு உன்னோடது."

"கூலி?"

"கூலிதான் இப்ப வாங்கிட்டுப் போகப்போறியே."

"என் மீன்?"

"உன் மீனுக்கு அடுப்பு ஏது?"

"சீசன் முழுக்கவா அக்கா?"

"சீசன் முழுக்க. இந்த சீசன் மட்டும்."

"நாங்க என்ன சாப்பிடறது?"

"உன் பொண்ணு தைப்பா. அதுக்குத்தானடி விடுதலை?"

வருடத்தில் அந்த ஒரு சீசனில்தான் அடுப்பு சம்பாதிக்கும். மற்ற மாதங்களில் அது சுவர் மாதிரி நிற்கும், அவ்வளவுதான்.

"ஒண்ணு கேட்கணும்," என்றாள் தாவியா. "வலது கை விழுந்துடுச்சுன்னு சொல்றாங்களே. எதால விடுவா?"

இதை யாராவது கேட்பார்கள் என்று மன்சாவுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்து தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள். இடது கையால் கொடுத்ததை எங்கள் ஊரில் நாய்கூட யோசித்துத்தான் தின்னும்.

"மருந்து குடுத்திருக்காங்க," என்றாள். "அசையுது."

"நீ பார்த்தியா?"

"எகுவா பார்த்தா."

"ஏன் கேட்கிறேன்னா, விடுதலை சரியா நடக்கலேன்னா யாரும் அவகிட்ட துணி கொண்டுவர மாட்டாங்க. துணி வரலேன்னா நீங்க பட்டினி. பட்டினி கிடக்கிறவ என் மீனை எண்ணாமத் தின்னுடுவா."

"அசையுது அக்கா," என்றாள் மன்சா மறுபடியும்.

தாவியா உள்ளே போய்ப் பணத்தோடு வந்தாள். மன்சா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

சாராயக் கடைக்காரன் பாட்டிலைத் துடைத்துக் கொடுத்தான். சுற்றிக் கொடுக்கக் கறுப்புப் பை இல்லை, தீர்ந்துவிட்டது என்றான். மன்சா பரவாயில்லை என்று சொல்லிவிட்டாள். பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். நோயாளி படுத்திருக்கும் வீட்டுக்கு அந்தப் பச்சைப் பாட்டிலை யாரும் மூடாமல் எடுத்துப்போக மாட்டார்கள். சாவு வீட்டில் முதலில் தரையில் ஊற்றுவது அதுதான். ஊரில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். மன்சாவுக்கும் தெரியும். அன்று தோன்றவில்லை.

தென்னை மரத்தடியில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். ஒருவன் தொப்பியைக் கழற்றினான்.

"எப்போ மன்சா?"

"எப்போன்னா?"

"மேடம்."

அவள் பாட்டிலைப் பார்த்தாள். துணிக்குள் மறைத்தாள். "யாரும் சாகல," என்றாள். "கடவுளே, யாரும் சாகல."

"அப்ப யாருக்கு அவசரம்?" என்றான் இன்னொருவன். இரண்டு பேர் சிரித்தார்கள். அதற்குள் எதிர் வரிசையில் ஒரு கிழவி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு ஓலமிட ஆரம்பித்துவிட்டாள். ஓலம் வீட்டுக்கு வீடு தாவி மன்சாவுக்கு முன்னால் போயிற்று. அவள் பின்னால் ஓடினாள்.

மேடத்தின் வீட்டு வாசலில் தங்கை அஜுவா நின்றாள். அக்ராவில் சேனைக்கிழங்கு வியாபாரம் செய்பவள், அக்காவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தாள்.

"இந்தச் சத்தத்தை யார் கிளப்பினது? நீயா?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"துணிக்குள்ள என்ன?"

மன்சா எடுத்துக் காட்டினாள்.

"என் அக்கா இன்னும் மூச்சு விடுறா. அதுக்குள்ள ஊத்த வந்துட்டியா? குழி வெட்ட ஆளையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே!"

"விடுதலைக்கு வாங்கினது. சத்தியமா. எகுவாவுக்கு."

"படுத்திருக்கிறவகிட்ட விடுதலையா? அவ கடையில இருக்கற துணியையெல்லாம் யார் தைப்பா? மருந்துக்கு யார் தருவா?"

"ஆட்டுக்கும் கலருக்கும் சேர்த்துப் பணம் கொண்டுவந்திருக்கேன். அது மருந்துக்கு ஆகும்."

அஜுவா பேச்சை நிறுத்தினாள். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. குழறல். எகுவா வாசலுக்கு வந்தாள், கையில் கஞ்சிக் கரண்டி.

"செத்தது யாருன்னு மேடம் கேக்குறாங்க."

அஜுவா வழிவிட்டாள்.

உள்ளே அறை சின்னது. ஜன்னலோரம் தைத்து முடிக்காத கறுப்புத் துணிகள் தொங்கின, யாரோ ஒருவருடைய சாவுக்குக் கொடுத்தவை. மேடம் எஷுன் தலையணைகளில் சாய்ந்திருந்தாள். ஊரில் இவ்வளவு நிமிர்ந்து நடந்த பெண் வேறு கிடையாது. வலது கை போர்வைமேல் கிடந்தது. அதை யாரோ அங்கே வைத்துவிட்டுப் போனதுபோல.

மன்சா முட்டி போட்டாள். வந்த விஷயத்தைச் சொன்னாள். மேடம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஏதோ சொன்னாள்.

"கை வரட்டுங்கறாங்க," என்றாள் எகுவா. "வந்ததும் ஊரைக் கூப்பிட்டு, மேளம் வச்சுச் செய்யலாம்கிறாங்க. இப்படிப் படுக்கையில திருட்டுத்தனமா வேண்டாமாம்."

"நீ சொல்றதுதான் அவ சொல்றதுன்னு நான் எப்படி நம்புறது?" என்றாள் அஜுவா.

"நானா சொன்னா 'வேண்டாம்'னா சொல்லுவேன் அக்கா?"

மேடத்தின் வாயில் இடது பாதி மட்டும் சிரித்தது.

"மேடம்," என்றாள் மன்சா. "என் அடுப்பு நாலும் குடுத்துட்டு வாங்கின பணம். சீசன் முழுக்கக் குடுத்துட்டேன். கை வரும். நிச்சயம் வரும். வந்த பிறகு மேளமும் வச்சுக்கலாம். இன்னிக்கு இதை மட்டும்..."

'வராவிட்டால்' என்பதை அந்த அறையில் சொல்ல முடியாது. ஆனால் எல்லோரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேடம் தன் வலது கையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்துப் பேசினாள். எகுவா தயங்கினாள்.

"சொல்லு," என்றாள் அஜுவா.

"நான் போயிட்டா இந்தப் பிள்ளையை நீ விடுவியான்னு கேக்குறாங்க."

"அக்கா, எனக்கு ஊசியில நூல் கோக்கவே தெரியாது. நான் எதை விடுறது?"

மேடம் கண்ணை மூடினாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. ஒரு பக்கத்தை எகுவா துடைத்தாள், மறு பக்கத்தை மேடமே இடது கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு தலையை அசைத்தாள்.

அஜுவா கதவைச் சாத்தினாள். பாட்டிலைத் திறந்து மூன்று முறை தரையில் ஊற்றினாள், முன்னோர் பெயர்களைச் சொன்னாள். அறையில் ஜின்னின் வாசனை எழுந்தது. சாவு வாசனை என்று மன்சாவுக்குத் தோன்றியது. தோன்றியதற்கு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எகுவா கட்டிலருகே முட்டி போட்டு இரண்டு கையையும் நீட்டினாள். அஜுவா அக்காவின் வலது கையைத் தூக்கி, விரல்களுக்கு நடுவே கத்திரிக்கோலை வைத்தாள். விரல்கள் மூடவில்லை. தன் கையால் அவற்றை மூடி அழுத்தினாள். விட்டதும் திறந்துகொண்டன. கத்திரிக்கோல் போர்வையில் சரிந்து கட்டில் விளிம்பில் நின்றது. அஜுவா மறுபடி அந்தக் கையைத் தூக்கினாள். மணிக்கட்டு தொங்கியது.

மேடம் ஒரு சொல் சொன்னாள். அது எல்லோருக்கும் புரிந்தது.

"விடு."

பிறகு நிறையப் பேசினாள். எகுவா தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அது என் கை இல்ல. அது சனிக்கிழமையே செத்துப்போச்சு. அதைத் தூக்கித் தலையில வச்சா, செத்தவ கையைத்தான் வச்சதாகும். இதுதான் இப்ப உயிரோட இருக்கு." மேடம் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். "ஆனா இது இடது. நான் யாருக்கும் இதால ஒரு குண்டூசிகூடக் குடுத்ததில்ல."

எகுவா நிறுத்தினாள்.

"இன்னும் என்ன சொன்னா?" என்றாள் அஜுவா.

"அம்மாதான் சொல்லணுமாம். பணம் அம்மாவோடதாம்."

மூன்று பேரும் மன்சாவைப் பார்த்தார்கள். செத்த வலதா, உயிருள்ள இடதா. யாரிடமாவது கேட்கலாம் என்றால் கேட்கக்கூடியவர்கள் எல்லோரும் இந்த அறைக்கு வெளியே இருந்தார்கள், அவர்களுக்குத் தெரியவே கூடாது. மகளின் பிடரியைப் பார்த்தாள். அங்கே அளவு நாடா உரசிய தழும்பு இருந்தது. லாரி நிலையத்தில் தண்ணீர் பேசினோடு அந்தப் பிடரி தெரிந்தது.

"உயிரோட இருக்கறது," என்றாள். தன் குரலாக அது கேட்கவில்லை.

"மன்சா!" என்றாள் அஜுவா.

"உயிரோட இருக்கறதால பண்ணுங்க மேடம்."

மேடம் இடது கையால் கத்திரிக்கோலை எடுத்தாள். எகுவாவின் கையில் வைத்தாள். பவுடர் டப்பாவை எடுத்துக் கவிழ்த்தாள். பழகாத கை. பவுடர் மொத்தமாகக் கொட்டியது. எகுவா தும்மினாள். மேடம் சிரித்தாள், பாதி வாயால். ஏதோ சொன்னாள்.

"இனிமே எனக்குக் கூலி தரணுமேன்னு கவலைப்படுறாங்க," என்றாள் எகுவா. சொல்லிக்கொண்டே அழுதாள்.

அஜுவா கதவைத் திறக்குமுன் மன்சா அவள் கையைப் பிடித்தாள்.

"அஜுவா, யாரும் கேட்டா..."

"கேட்டா என்ன? என் அக்கா விட்டா. எதாலன்னு நான் பார்க்கல, ஜின் ஊத்திக்கிட்டிருந்தேன்." பணத்தை இடுப்பில் சொருகினாள். "ஆனா மன்சா, உன் இடத்துல நான் இருந்தா அந்தக் கையைக் கேட்டிருக்கமாட்டேன்."

தெருவில் இறங்கியதும் சத்தம் எழுந்தது. கொஞ்சம் முன்னால் ஓலமிட்ட கிழவியே முதலில் குலவையிட்டாள். பெண்கள் இடுப்பில் மேலாகச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து எகுவா நடக்கும் வழியில் விரித்தார்கள். "மேடம்! மேடம் எகுவா!" என்று யாரோ கூப்பிட்டார்கள். வலை பின்னுகிறவர்கள் எழுந்து நின்றார்கள். "மன்சா, பாட்டில்ல மிச்சம் இருக்கா?" என்றான் தொப்பிக்காரன். எகுவா கத்திரிக்கோலை உயர்த்திப் பிடித்துச் சிரித்தபடி நடந்தாள். மன்சா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். யாராவது சிரிப்பை நிறுத்துகிறார்களா என்று.

வள்ளங்கள் ஏற்றி வைத்திருந்த மணல் மேட்டில் தாவியா நின்றாள். அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். எகுவா அருகில் வந்ததும் நிறுத்தினாள்.

"கை அசைஞ்சுதா?"

"அசைஞ்சுது அக்கா," என்றாள் மன்சா.

தாவியா எகுவாவைப் பார்த்தாள். பெண்ணின் வலது காது முழுக்க வெள்ளை. வலது தோள் முழுக்க வெள்ளை. இடது பக்கம் முடி கறுப்பாகவே இருந்தது. தாவியா எகுவாவுக்கு எதிரே நின்று தன் வலது கையைத் தூக்கினாள். அது பெண்ணின் இடது பக்கத்துக்கு நேராக வந்தது. அதை இறக்கிவிட்டு இடது கையைப் பார்த்தாள். தூக்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

மன்சாவின் காதில் கடலின் சத்தம் மட்டும் இருந்தது.

பெண்கள் பின்னால் பாடிக்கொண்டு வந்தார்கள். தாவியா ஒரு அடி முன்னால் வைத்து எகுவாவை அணைத்துக்கொண்டாள். அணைத்தபடியே உள்ளங்கையால் வலது பக்கத்துப் பவுடரை அள்ளி இடது பக்கம் தேய்த்தாள். முடியில், காதில், கழுத்தில், தோளில். பார்ப்பவர்களுக்கு வாழ்த்துவது போலத்தான் இருந்தது.

"இப்படியாடி தெருவுல கூட்டிட்டு வருவ?" என்றாள் மன்சாவிடம், தாழ்ந்த குரலில். "ஊர்ல எல்லாருக்கும் கண்ணு இருக்கு. என் பணம் இந்தத் தலைமேல இருக்கு."

"அக்கா, யார்கிட்டயும்..."

"நான் என்ன பார்த்தேன்? ஒண்ணும் பார்க்கல." எகுவாவின் முதுகில் தட்டினாள். "போ மேடம், போ. ஊர் காத்துக்கிட்டிருக்கு."

எகுவா நடந்தாள். கூட்டம் அவளோடு போனது. மன்சா நின்றாள். அந்த நேரத்தில் அதை ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இந்த சீசன் மட்டும்னுதானே அக்கா பேசினோம்?"

"ஆமா." தாவியா கையிலிருந்த பவுடரை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டாள். "இந்த சீசனைப் பத்தி மட்டும்தான் பேசியிருக்கோம்."

முன்னால் எகுவா கூட்டத்துக்கு நடுவே போய்க்கொண்டிருந்தாள். தலை இப்போது இரண்டு பக்கமும் ஒரே வெள்ளையாக இருந்தது.